வடிகட்டியை எடுத்தபின் தூரத்துக் காட்சி மங்குவது ஏன்?

வணக்கம். அகச்சிவப்புப் படம் எடுப்பதற்காக, பொம்மை டிஜிட்டல் கேமராவின் லென்ஸுக்குப் பின்னால் இருந்த அகச்சிவப்பு வடிகட்டியை (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் கண்ணாடித் துண்டு) கழற்றியதும், கிட்டே இருப்பது மட்டும் தெளிவு, தெருவும் மரமும் மங்கல் என்று எழுதியிருந்தீர்கள். சென்சார் கெடவில்லை, கவலை வேண்டாம்.

அந்தக் கண்ணாடித் துண்டு, தன் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியத்தைப் பின்னால் தள்ளியிருந்தது. அது போனதும் பிம்பம் சென்சாருக்கு முன்னாலேயே விழுகிறது. லென்ஸைக் கொஞ்சம் உள்ளே திருகினால் சரியாகிவிடும். மரையில் ஒரு பொட்டுப் பசை காய்ந்து பிடித்திருக்கும். ஊசி முனையால் சுரண்டிவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, தூரத்து மரத்தைப் படமெடுத்துப் பாருங்கள். இதில் பொறுமைதான் முக்கியம். சரியான இடம் கிடைத்ததும், லென்ஸ் அசையாமலிருக்க நகப்பூச்சு ஒரு துளி போதும்.

அப்புறம், கழுவிய கலர் நெகட்டிவ் சுருளில் வெளிச்சம் பட்டுக் கருத்த நுனியை இரண்டாக மடித்து லென்ஸ் முன் ஒட்டுங்கள். அது சாதாரண ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும். வெயிலில் இலைகள் வெள்ளையாக வரும், அவ்வளவு அழகு!

ஃபிளாஷ் உள்ள கேமரா என்றால், ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியைத் தொடவே வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் அதில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம்.