85 லட்சம் நியாயமா?

கேள்வி: கூடுவாஞ்சேரியில் அரை கிரவுண்ட் (1,200 சதுர அடி) மனையில் 15 வருடப் பழைய தனி வீடு. கட்டடம் 900 சதுர அடி. 85 லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: மனையையும் கட்டடத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். அதே தெருவில் காலி மனை சதுர அடி 4,500 ரூபாய்க்குக் கைமாறியிருந்தால், 1,200 சதுர அடிக்கு 54 லட்சம். இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,200 ஆகும் என்றால் கட்டடம் 19.8 லட்சம், ஆயுள் 60 வருடம் எனக்கொண்டு கால்பங்கு தேய்மானம் கழித்தால் 14.85. மொத்தம் சுமார் 69 லட்சம்தான். பழைய கட்டடத்துக்குப் புது விலையே போட்டாலும் சுமார் 74 லட்சம்தான் வரும். பேச்சை 69 லட்சத்திலிருந்தே தொடங்குங்கள்.

விளம்பர விலையை நம்பவே வேண்டாம், அது கேட்கும் விலை மட்டுமே. சமீபத்தில் வாங்கியவர்களிடம் விசாரியுங்கள். வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரச் செலவைக் கணக்கிட அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு, சந்தை விலை அல்ல. 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருவைவிட வீட்டுத் தளம் தாழ்ந்திருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். மனைக்கு அங்கீகாரம் இல்லையென்றால் வங்கிக் கடனே சிக்கலாகும்.