எட்டு டிக்கெட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில் ‘தோற்றவர்களை விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்வதில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

நான் மூன்று வருடங்களாக டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர். மற்றவர்கள் பேரப்பிள்ளைகள் படம் வைத்திருக்கும் இடத்தில் இவர் கண்ணாடிச் சட்டம் போட்டு எட்டு டிக்கெட்டுகள் வைத்திருக்கிறார். 2008இல் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களின் டிக்கெட்டுகள். அந்த சீசனில் லயன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றதாம். “எட்டுக்கும் போயிருந்தேன்” என்று ஏதோ கோப்பை வாங்கியவர் மாதிரி சொல்கிறார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? விசுவாசம் என்கிறார்கள், எனக்கு அது கொஞ்சம் நாடகமாகப் படுகிறது. அப்புறம், கடைசி இடம் பிடிக்கும் அணிக்குத்தான் அடுத்த வருடம் புது ஆட்டக்காரரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையாம். தோற்றால் பரிசு கொடுக்கும் விளையாட்டில் தோல்விக்கு என்ன மதிப்பு?

அன்புடன்,
எஸ்., மிச்சிகன்

அன்புள்ள எஸ்.,

அந்த வரியை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். உங்கள் மேசைக்காரரே அதற்கு மறுப்பு.

பரிசு விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள். தேசிய டிவி ஒளிபரப்பில் வரும் பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு அணி ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று 1994 முதல் உச்சவரம்பு உண்டு. கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், போன சீசனில் கடைசியாக வந்தவருக்கு முதல் வாய்ப்பு. முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் இப்படி ஒரு சமதர்ம ஏற்பாடு! எந்த அணியும் நிரந்தரமாக மேலேயே இருக்கக் கூடாது, கீழேயே கிடக்கவும் கூடாது என்பதற்காகச் செய்தது. இத்தனை முட்டுக்கொடுத்தும் ஒரு அணி 16க்கு 16 தோற்கிறது என்றால் அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு வருடக்கணக்கில் உழைத்திருக்க வேண்டும்.

லயன்ஸ் உழைத்தது. 2001இல் மாட் மில்லன் என்பவர் அணியின் தலைவராகவும் பொது மேலாளராகவும் வந்தார். நல்ல ஆட்டக்காரராக இருந்தவர், பிறகு டிவி வர்ணனையாளர். அணியை நடத்திய அனுபவம் கிடையாது. 2003, 2004, 2005 என்று மூன்று வருடம் தொடர்ந்து டிராஃப்டின் முதல் சுற்றில் ‘வைட் ரிசீவர்’களையே எடுத்தார். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவர்கள். எறிகிறவருக்குப் பாதுகாப்பாக நிற்கவும், எதிரணியைத் தடுக்கவும் ஆள் வேண்டாமா? வீடு கட்டும்போது அஸ்திவாரத்தை விட்டுவிட்டு வருடா வருடம் பால்கனி மட்டும் கட்டிக்கொண்டிருந்தது போலத்தான். 2005 டிசம்பரில் ரசிகர்கள் மில்லனை நீக்கச் சொல்லி மைதானத்துக்கு வெளியே ஊர்வலம் போனார்கள். விருந்தாளியாக வந்த சின்சினாட்டி அணியின் ஆரஞ்சு நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 2008 செப்டம்பரில், சீசனின் முதல் மூன்று ஆட்டங்களும் போன பிறகுதான் அவரை அனுப்பினார்கள். அதுவரை அவர் கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி.

அந்த சீசன் தொடங்கிய விதத்தையும் கேளுங்கள். அதற்கு முந்தைய நான்கு பயிற்சி ஆட்டங்களிலும் லயன்ஸ் ஜெயித்திருந்தது! பிறகு அட்லாண்டாவில் முதல் ஆட்டம். எதிரணியின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவர், மாட் ரையனுக்கு அதுதான் தொழில்முறையில் முதல் ஆட்டம். அவர் வாழ்க்கையில் எறிந்த முதல் பந்தே 62 கஜ டச்டவுன் ஆனது, எதிர்க் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது அது.

ஆனால் அந்த வருடத்தை நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பவர் லயன்ஸின் குவாட்டர்பேக் டான் ஓர்லோவ்ஸ்கிதான். அக்டோபர் 12, மினசோட்டா. லயன்ஸ் தன் சொந்தக் கோட்டுக்கு ஒட்டிய இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பந்து ஓர்லோவ்ஸ்கி கையில். எதிரணியின் ஜாரெட் ஆலன் துரத்துகிறார். ஓர்லோவ்ஸ்கி பின்வாங்கி, வலது பக்கமாகத் திரும்பி ஓடுகிறார். யாருக்கு எறியலாம் என்று தூரத்தில் கண். காலுக்குக் கீழே மைதானம் முடிந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை. கடைசிக் கோட்டைத் தாண்டி வெளியே போய், வெளியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார். விசில் அடிக்கிறார்கள். சொந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு வெளியே போனால் அது ‘சேஃப்டி’, எதிரணிக்கு 2 புள்ளி. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 12–10.

இரண்டே புள்ளி. அந்த ஓட்டம் இல்லையென்றால் லயன்ஸ் ஜெயித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆட்டம் அப்படிக் கழித்தல் கணக்கு இல்லை. ஆனால் டெட்ராய்டில் அப்படிக் கழித்துப் பார்க்காதவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஓர்லோவ்ஸ்கி இப்போது டிவியில் ஆட்ட நுணுக்கங்களை விளக்குகிறார், நன்றாகவே செய்கிறார். அந்த ஓட்டத்தைப் பற்றி அவரே கிண்டலும் அடித்துக்கொள்கிறார்.

இதெல்லாம் எந்த நேரத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், உங்கள் தொழில் அது என்பதால் சொல்கிறேன். நவம்பரில் டெட்ராய்டின் மூன்று கார் நிறுவனத் தலைவர்களும் அரசிடம் உதவி கேட்க வாஷிங்டனுக்குத் தனி விமானங்களில் போனார்கள். ஊரே காறித் துப்பியது. அடுத்த முறை காரிலேயே போனார்கள். நவம்பர் 27, தேங்க்ஸ்கிவிங் நாள். அன்று ஆடும் வழக்கம் லயன்ஸுக்கு 1934இலிருந்து இருக்கிறது, நாடே சாப்பாட்டு மேசையிலிருந்து பார்க்கும். டென்னசி அணியிடம் 47–10 தோல்வி. இனி அந்த நாளை லயன்ஸுக்குக் கொடுக்கலாமா என்றே பேச்சு எழுந்தது. டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார். ஃபோர்டு அந்தக் கடனை வாங்கவில்லை. லயன்ஸின் அப்போதைய உரிமையாளர் ஹென்றி ஃபோர்டின் பேரன், மைதானத்தின் பெயரும் ஃபோர்டு ஃபீல்டு.

கடன் அறிவித்த இரண்டாம் நாள் நியூ ஆர்லியன்ஸிடம் 42–7. ஆட்டம் முடிந்து பயிற்சியாளர் ராட் மரினெல்லி நிருபர்களிடம் பேசுகிறார். எதிரணியைத் தடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஜோ பாரி அவருடைய மகளின் கணவர். ஒரு பத்திரிகையாளர், உங்கள் மகள் இன்னும் நல்ல தடுப்புப் பயிற்சியாளரைக் கட்டியிருக்கலாமே என்று நினைத்தீர்களா என்று கேட்டார். சபையில் மருமகனை வைத்து மாமனாரைக் குத்துவது! அணியைத் திட்டித் தீர்த்த ஊரே அன்று கேள்வி கேட்டவர் மேல் பாய்ந்தது. அடுத்த வாரம் கிரீன் பேயில் 31–21. 0–16 முழுமையானது. மறுநாள் மரினெல்லியை நீக்கினார்கள்.

சரி, விசுவாசம். அந்தக் கதையை நானும் நம்பவில்லை. அந்த வருடம் ஃபோர்டு ஃபீல்டில் டிக்கெட் விற்காமல் கிடந்தது. ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே எல்லா டிக்கெட்டும் விற்காவிட்டால் உள்ளூர் டிவியில் காட்டக் கூடாது என்று அப்போது ஒரு விதி உண்டு. அதனால் சில ஆட்டங்களை டெட்ராய்ட்காரர்கள் வீட்டில் பார்க்கவே முடியவில்லை. ஊர் அணியை விட்டு விலகிவிட்டது, நியாயமாகவே விலகியது. வேலை போகுமா என்று பயந்துகொண்டிருப்பவர் எதற்காகக் காசு கொடுத்து 47–10 பார்க்க வேண்டும்? உங்கள் மேசைக்காரர் சட்டம் போட்டு வைத்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்: முக்கால்வாசிப் பேர் பார்க்காத ஒன்றை அவர் பார்த்தார். அது ஒரு சாட்சியின் பெருமை. வெள்ளம் வந்த வருடம் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் கோடு போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி.

முதல் டிராஃப்ட் வாய்ப்பில் 2009இல் வந்தவர் குவாட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபோர்டு. அபாரமான கை. 12 வருடம் ஆடினார், சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் ஒரு ஆட்டத்தில்கூட லயன்ஸ் ஜெயிக்கவில்லை. 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போன உடனே லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஜெயித்தார். நீங்கள் சொன்ன பரிசின் லட்சணம் இவ்வளவுதான்.

அவருக்குப் பதிலாக ராம்ஸ் வேண்டாம் என்று அனுப்பிய ஜாரெட் காஃப் டெட்ராய்டுக்கு வந்தார். அதே வருடம் புதுப் பயிற்சியாளராக வந்தவர் டான் காம்ப்பெல். 2008 லயன்ஸ் அணியில் இருந்தவர், ஒரே ஆட்டத்தோடு காயம்பட்டு ஒதுங்கி மீதியை வெளியிலிருந்து பார்த்தவர். அவருடைய முதல் சீசனில் வெற்றிகள் மூன்றுதான். 2024 ஜனவரியில் ஃபோர்டு ஃபீல்டில் பிளேஆஃப், எதிரே ஸ்டாஃபோர்டின் ராம்ஸ். இங்கே அது பொங்கல் காலை. அடுப்படியிலிருந்து வந்த எந்தக் கூப்பாட்டுக்கும் நான் எழுந்துபோகவில்லை, அதற்கான பேச்சை இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். 24–23, லயன்ஸ். 32 வருடத்தில் முதல் பிளேஆஃப் வெற்றி. அரங்கம் முழுக்க காஃபின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

அதற்கும் உங்கள் நண்பர் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த டிக்கெட் சட்டத்துக்குள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

அந்த எட்டில் ஒன்று டிசம்பர் 7, மறுபடியும் மினசோட்டா. 20–16. சொந்த மண்ணில் அந்த வருடம் வெற்றிக்கு மிகக் கிட்டே போனது அன்றுதான். ஜெயித்துவிடுவோம் என்று அன்று எதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார் என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.