கல்லை உடைக்க அப்பாவைக் கூப்பிடுவாங்களா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் சரக்குக் கப்பலில் மோட்டார்மேன், இன்ஜின் அறையில் வேலை. ஒன்பது மாதக் காண்ட்ராக்ட்டில் போன டிசம்பரில் கப்பல் ஏறினார். வீட்டில் நான், மாமியார், ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன். அவனுக்கு 11 வயது.

அவர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவும் மகனும் சேர்ந்து டிவியில் ஒரு ஆங்கிலப் படம் பார்த்தார்கள். பூமியை நோக்கி ஒரு பெரிய கல் வருகிறது. அதில் துளை போட்டு வெடி வைக்க, துளை போடும் வேலை தெரிந்த சாதாரணத் தொழிலாளிகளை விண்கலத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். பூமி பிழைத்துக்கொள்கிறது. ஆனால் போனவர்களில் ஒரு அப்பா திரும்பி வரவே இல்லை. படம் முடிந்ததும் இவன் வழக்கம்போல் சாப்பிட்டான், தூங்கினான். எனக்கும் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை.

2025 பிப்ரவரியில், 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல் 2032 டிசம்பர் 22-ல் பூமியில் விழலாம் என்று செய்தி வந்ததே, அப்போதுதான் ஆரம்பித்தது. வாய்ப்பு 1 சதவீதம், 2 சதவீதம், 3 சதவீதம் என்று ஏறியதை என் போனை எடுத்து எடுத்துப் பார்த்தான். எங்கே விழலாம் என்று ஒரு வரைபடமும் போட்டிருந்தார்கள். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, அரபிக்கடல், அப்புறம் நம் நாட்டுப் பக்கம் வரை ஒரு நீளமான பட்டை. அதைப் பார்த்துப் பள்ளிக்கூட அட்லஸில் பென்சிலால் போட்டுவைத்தான். அழிப்பதும் திரும்பப் போடுவதுமாக, அரபிக்கடல் இருக்கும் இடத்தில் தாள் நைந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியிலேயே ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைக் காட்டினால், “முதல்ல கூடுச்சுல்ல? ஜனங்க பயப்படுவாங்கன்னு இப்ப மறைக்கிறாங்கம்மா” என்கிறான்.

இப்போது ஜூலை. ராத்திரி 11 மணியானாலும் தூக்கமில்லை. பரணில் கிடந்த அவருடைய பழைய சேஃப்டி ஹெல்மெட்டை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறான். கட்டிலுக்கு அடியில் ஐந்து தண்ணீர் பாட்டில், ஒரு டார்ச், பிஸ்கட் பாக்கெட். பின்வாசல் பூட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறான். ஒரு நாள், “ம்மா, கல்லை உடைக்க ஆள் எடுத்தா, கப்பல் இன்ஜின் வேலை தெரிஞ்சவங்களைக் கூப்பிடுவாங்களா?” என்று கேட்டான். என்னடா பைத்தியக்காரக் கேள்வி என்று சிரித்துவிட்டேன்.

“ஒண்ணும் ஆகாதுடா, தூங்கு” என்று நூறு தடவை சொல்லியாயிற்று. ஒரு நாள் பொறுமை போய் முதுகில் இரண்டு வைத்துவிட்டேன். அவன் அழக்கூட இல்லை. அது இன்னும் என் மனதை அறுக்கிறது. மாமியார் கண்ணேறு பட்டிருக்கிறது என்று தினமும் திருநீறு பூசிவிடுகிறார். கணவரிடம் போனில் சொன்னால், “வீட்டைப் பாத்துக்கோன்னு உன்கிட்டதானே சொல்லிட்டு வந்தேன், ஆம்பளைப் பிள்ளை தைரியமா இருக்க வேண்டாமா?” என்று அவனிடம் பேசுகிறார். “சரிப்பா” என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிடுகிறான்.

செப்டம்பரில் அவர் சைன் ஆஃப் ஆகிக் கப்பலை விட்டு இறங்க வேண்டும். அவருக்குப் பதிலாக ஏறும் ரிலீவர் வரத் தாமதமானால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகலாம் என்கிறார். மகனிடம் இதைச் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்க்க விட்டது தப்பா? இது மனநோயா? அவனுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது?

பெயர் வேண்டாம்,
தூத்துக்குடி மாவட்டம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவரின் கப்பல் எந்தக் கடலில் ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அரபிக்கடல் வழியாகப் போய்வரும் கப்பலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அட்லஸில் ஓட்டை விழுந்த இடம் அதுதானே.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூமி அழியுமா, நாம் செத்துப்போவோமா என்று அவன் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. அவன் கேட்டது ஒரே கேள்வி. இன்ஜின் வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடுவார்களா? நீங்கள் சிரித்துவிட்ட அந்தக் கேள்வியில் இந்த ஐந்து மாதமும் இருக்கிறது. அவன் பார்த்த படத்தில் போனவர்கள் கைவேலை தெரிந்த சாதாரண ஆட்கள். அதில் ஒரு அப்பா திரும்பவில்லை. அந்தப் படத்தை யாரோடு உட்கார்ந்து பார்த்தானோ, அவர் இரண்டே நாளில் பெட்டியோடு கிளம்பிவிட்டார். 11 வயதுப் பிள்ளை போட்ட கணக்கு இது. அதில் எனக்குப் பைத்தியக்காரத்தனம் எதுவும் தெரியவில்லை.

கிளம்பும்போது அப்பா சொன்ன சொல்லும் சேர்ந்துகொண்டது. “வீட்டைப் பாத்துக்கோ” என்று நாம் எல்லோரும் பிள்ளைகளிடம் பாசமாகச் சொல்வதுதான். உங்கள் மகன் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். பின்வாசல் பூட்டு, தண்ணீர், டார்ச், ஹெல்மெட் எல்லாம் ஒரு காவல்காரனின் சாமான்கள். காவல் இருப்பவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? வீட்டைக் காப்பாற்றும் வேலையை அவன் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். அதை இறக்கிவைக்க அப்பாவால்தான் முடியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவன் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லுங்கள். யாரையும் கூப்பிட மாட்டார்கள். இது சமாதானத்துக்குச் சொல்வது இல்லை, நடந்த விஷயம். 2022 செப்டம்பர் 26-ல், நம் நேரப்படி மறுநாள் விடிகாலையில், நாசாவின் டார்ட் என்ற விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின் மேல் வேண்டுமென்றே போய் மோதியது. பூமியிலிருந்து சுமார் 1 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில். அந்தக் கலத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. அதன் கேமரா கடைசி நொடி வரை படம் அனுப்பிக்கொண்டே போனது. கடைசிப் படம் பாதியில் அறுந்து நிற்கும். ஒரு பட்டை அளவுக்குப் பாறை தெரியும், மீதி வெறுமை. மோதிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. தன் பெரிய துணைச் சிறுகோளை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிவந்த டைமார்ஃபஸுக்கு, அதன் பிறகு சுற்றும் நேரம் அரை மணிக்கும் மேல் குறைந்துவிட்டது. 73 விநாடி மாறினாலே வெற்றி என்றுதான் முன்பே கணக்கு வைத்திருந்தார்கள். அந்தச் சிறுகோளால் பூமிக்கு எந்த ஆபத்தும் கிடையாது. ஒத்திகைக்காகத் தேர்ந்தெடுத்தது அது. மோதலால் என்ன ஆயிற்று என்று பக்கத்தில் போய்ப் பார்க்க, 2024 அக்டோபரில் ஐரோப்பியர்கள் ஹெரா என்ற கலத்தை அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் ஆள் இல்லை. இந்தப் படங்களை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். பகலில், உங்கள் தோள் அவன் தோளில் படும்படி.

“மறைக்கிறாங்க” என்பதற்கும் பதில் இருக்கிறது. மறைக்க நினைப்பவர்கள் 1, 2, 3 என்று ஏறிய எண்ணை ஊருக்கே தெரியும்படி ஏன் வெளியிட வேண்டும்? சரி, ஏறிய எண் ஏன் திடீரென்று இறங்கியது? வீட்டில் சாவியைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் இல்லை, படுக்கையறையில் இல்லை, திண்ணையில் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க, அடுக்களையில்தான் இருக்கும் என்ற சந்தேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் சாவி சட்டைப் பையில் கிடைத்ததும் அடுக்களைச் சந்தேகம் ஒரே நொடியில் பூஜ்யம். அந்த அடுக்களைதான் பூமி. கல் போகும் பாதையைத் துல்லியமாக அளக்க அளக்க மற்ற இடங்கள் கழிந்தன, பிப்ரவரி 18-ல் 3.1 சதவீதம் வரை போனது. இன்னும் சில நாள் அளந்ததும் பூமியே கழிந்துபோயிற்று. 2004-ல் கண்டுபிடித்த அபோஃபிஸ் என்ற சிறுகோள் விஷயத்திலும் இதே கதைதான். அன்று 2.7 சதவீதம் வரை ஏறியது. இன்றைக்கு, அடுத்த 100 ஆண்டுக்குப் பயமில்லை என்று உறுதியாகச் சொல்கிறார்கள். 2029 ஏப்ரல் 13-ல் அது பூமிக்கு 32,000 கிலோமீட்டர் பக்கத்தில் வந்து பேசாமல் போய்விடும்.

ஒருவேளை அவன் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். 2013 பிப்ரவரி 15-ல் அங்கே வானத்தில் வெடித்த சுமார் 20 மீட்டர் கல்லை முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்து. கல் விழுந்து யாரும் சாகவில்லை. வானத்தில் பெரிய வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் ஓடக் கூடாது என்று ஒரு வரி சொல்லிக்கொடுங்கள், போதும். கெட்ட செய்தியையும் அம்மா மறைக்காமல் சொல்கிறாள் என்று தெரிந்தால்தான் நல்ல செய்தியை நம்புவான்.

“ஒண்ணும் ஆகாது” என்பதை மட்டும் இனி விட்டுவிடுங்கள். அது பத்து நிமிடத்துக்கு ஆறுதல் தரும். பதினோராவது நிமிடம் பயம் திரும்பி வரும், இன்னொரு தடவை கேட்கச் சொல்லும். கேட்டால் நிம்மதி என்று மனம் பழகிவிட்டால் கேட்பது நிற்காது. ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, எப்போது பயம் வந்தாலும் கேள்வியை அதில் எழுதச் சொல்லுங்கள். சாயங்காலம் 6 மணிக்கு இருபது நிமிடம் இரண்டு பேரும் உட்கார்ந்து அதைப் படியுங்கள். ராத்திரி கேட்டால், “நோட்டுல எழுதிவைடா, நாளைக்குப் பார்ப்போம்” என்று மட்டும் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். ராத்திரியில் போன் அவன் கையில் வேண்டாம். ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள், அது அப்பாவுடையது. மாமியார் திருநீறு பூசட்டும். நெற்றியில் ஆச்சி கை படுவது நல்லதுதான்.

இப்போது அவன் அப்பா. இந்த வாரமே அவரிடம் தனியாகப் பேசுங்கள். அட்லஸில் விழுந்த ஓட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்புறம் அவர் தன் வாயால் மகனிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். “வீட்டைப் பார்த்துக்க அம்மா இருக்கா, ஆச்சி இருக்கா. உன் வேலை படிக்கிறதும் விளையாடுறதும்தான்.” இது முதலாவது. இரண்டாவது, தன்னை யாரும் எங்கேயும் விண்வெளிக்கு அனுப்பப் போவதில்லை என்பது. மூன்றாவது, தனக்கும் சில ராத்திரி வீட்டு நினைப்பு வரும் என்பது. இந்த மூன்றாவதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் “சரிப்பா” என்று போனை நீட்டிவிடும் பையன், அப்பா அப்படிப் பேசிய பிறகுதான் தானும் பேச ஆரம்பிப்பான்.

ரிலீவர் தாமதமாகலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவன் ஏற்கெனவே காதில் வாங்கியிருப்பான் என்பது என் சந்தேகம். சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூனில் 8 நாள் வேலை என்று விண்வெளி நிலையத்துக்குப் போய், 286 நாள் கழித்து 2025 மார்ச்சில்தான் திரும்பினார்கள். வருகிற தேதி எத்தனையோ தடவை மாறியது. வந்து சேர்ந்தார்கள். அப்பா செப்டம்பரில் வரலாம், நவம்பரும் ஆகலாம், தேதி மாறினால் அன்றைக்கே உனக்குச் சொல்வோம் என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

மனநோயா என்று கேட்டீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து அப்படி ஒரு பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் ஐந்து மாதம் தூக்கம் கெட்டிருப்பது சின்ன விஷயம் இல்லை. இவற்றையெல்லாம் செய்து மூன்று, நான்கு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால், பூட்டைப் பார்ப்பது கூடினால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் கூப்பிடுங்கள். எட்டு மாதமாக நீங்களும் தனி ஆளாகத்தான் இந்த வீட்டைச் சுமக்கிறீர்கள்.

படம் பார்க்க விட்டது தப்பில்லை. அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். “அன்னிக்கு அம்மா அடிச்சது தப்புடா” என்றால் போதும்.

அந்த அட்லஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓட்டைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டி அரபிக்கடலை அவனையே வரையச் சொல்லுங்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று அப்பா ஒவ்வொரு தடவையும் அவனுக்கு மட்டும் செய்தி அனுப்பட்டும், அவன் அதில் புள்ளி வைக்கட்டும். அவர் சைன் ஆஃப் ஆகி வீடு வந்ததும், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.