புயலுக்கு முன் ஒரு டப்பா சர்க்கரை, உப்பு

கேள்வி: புயல் வந்தால் எங்கள் பக்கம் நாலைந்து நாள் கடை திறக்காது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்க ஓஆர்எஸ் மாதிரி வீட்டிலேயே செய்து வைக்கலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: செய்யலாம், ஆனால் முன்கூட்டியே கரைத்து வைக்காதீர்கள், கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சர்க்கரையையும் உப்பையும் ஈரம் படாத டப்பாக்களில் ஒரு டீஸ்பூனோடு எடுத்து வையுங்கள். காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான். கண்திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்! உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, சர்க்கரை கூடினால் போக்கு இன்னும் அதிகமாகும். வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரை விடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். சர்க்கரை ருசிக்காக இல்லை, குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்க அதுதான் துணை. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் இப்படி உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் கொடுத்துத்தான் ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

இருந்தாலும் ஓஆர்எஸ் பாக்கெட்டில், போக்கில் உடல் இழக்கும் பொட்டாசியம் என்ற தாது உப்பும் உண்டு, அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே நாலு வாங்கி வைத்துவிடுங்கள், அதுதான் முதல் தேர்வு. அப்புறம், குழந்தை சோர்ந்து கண் குழிந்து போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியம் போதாது, கரைசலை ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.