உயில் எழுதாமல் கணவர் காலமானால்: நிலம், வங்கிக் கணக்கு, கடன் எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

கேள்வி: என் கணவர் கார்த்திகையில் மாரடைப்பால் காலமானார். உயில் எழுதவில்லை. மன்னார்குடி வட்டத்தில் அவரே கிரயம் வாங்கிய 8 மா நிலம் உள்ளது. என் மாமனார் சொந்தப் பணத்தில் வாங்கிய 16 மா நிலம் இன்னும் அவர் பெயரிலேயே பட்டாவில் இருக்கிறது. மாமனாரும் பல ஆண்டுகளுக்கு முன் உயிலின்றித்தான் இறந்தார். மாமியார், கொழுந்தனார், நாத்தனார் இருக்கிறார்கள். மகளுக்குத் திருமணமாகிவிட்டது, மகனுக்கு 17 வயது முடிந்துவிட்டது. கணவரின் வங்கி வைப்புத் தொகைக்கு நாமினி கொழுந்தனார். இன்னொரு வங்கியில் நாமினியே இல்லாத சேமிப்புக் கணக்கு ஒன்றும் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும், என் நகைகளை வைத்து அவர் பெயரில் வாங்கிய நகைக்கடனும் இருக்கின்றன. கருமாதிக்கு வந்த உறவினர்கள், புரொபேட் வாங்காமல் எதையும் தொட முடியாது என்றும், மகளிடம் உடனே விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கிவிட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: புரொபேட் என்பது உயில் ஒன்று இருந்து, அது உண்மையானதுதான் என்று நீதிமன்றம் சான்றளிப்பது. உயிலே இல்லாதபோது அதற்கு இடமில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்தின் உரிமைகள் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தாலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. வாரிசுச் சான்றிதழ், நாமினிப் பதிவு, பட்டா ஆகிய மூன்றும் நிர்வாக வசதிக்கான தாள்கள். அவற்றில் எதுவும் உரிமையை உண்டாக்குவதும் இல்லை, பறிப்பதும் இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், உறவினர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்வதில் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சட்டப்படி உங்கள் கணவரின் முதல் வகுப்பு வாரிசுகள் நான்கு பேர்: நீங்கள், மகள், மகன், உங்கள் மாமியார். நால்வருக்கும் சம பங்கு. மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் அவருடைய பங்கு குறையாது. கொழுந்தனாரும் நாத்தனாரும் உங்கள் கணவரின் சொத்துக்கு வாரிசுகள் அல்லர். ஆகவே அவர் கிரயம் வாங்கிய 8 மாவில் ஆளுக்கு 2 மா.

மாமனாரின் 16 மாவில் கணக்கை இரண்டு கட்டமாகப் போட வேண்டும். மாமனார் இறந்த அன்றே அந்த நிலம் மாமியார், உங்கள் கணவர், கொழுந்தனார், நாத்தனார் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு 4 மாவாகச் சேர்ந்துவிட்டது. பட்டாவை யாரும் மாற்றவில்லை என்பதால் அது தடைபடவில்லை. உங்கள் கணவருக்குச் சேர்ந்த அந்த 4 மாதான் இப்போது உங்கள் நால்வருக்கும் ஆளுக்கு 1 மாவாகப் பிரிகிறது. மாமியாருக்குத் தம் கணவர் வழியில் 4 மாவும் மகன் வழியில் 1 மாவுமாக 5 மா சேரும். அந்த நிலம் பாட்டனார் வழியில் வந்த கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்திருந்தால், பெண்களுக்குப் பங்குரிமை தந்த 1989, 2005 சட்டத் திருத்தங்களையும் சேர்த்து வேறு விதமாகக் கணக்கிட வேண்டியிருக்கும். எனவே மாமனார் வாங்கிய மூலப் பத்திரத்தைத் தேடி எடுத்து, அல்லது சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெற்று, முதலில் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தாள்களில் முதலாவது இறப்புச் சான்றிதழ். இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அங்கேதான் அது பதிவாகும். கணவர் தஞ்சாவூர் மருத்துவமனையில் இறந்திருந்தால், உங்கள் கிராமத்தில் கேட்டுப் பயனில்லை. சான்றிதழில் உள்ள பெயரும் தலைப்பெழுத்தும் ஆதார், பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று அன்றைக்கே பாருங்கள். பின்னால் ஒவ்வோர் அலுவலகத்திலும் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஓர் எழுத்தில்தான்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் வருவாய்த் துறையினர் விசாரித்து வட்டாட்சியர் வழங்குவார். உங்களுக்குக் கணவரின் பேரில் ஒன்றும், முன்பே வாங்கப்படாதிருந்தால் மாமனாரின் பேரில் ஒன்றுமாக இரண்டு தேவை. மாமனாரின் சான்றிதழில், இன்று உயிரோடு இருப்பவர்களை மட்டும் எழுதி உங்கள் கணவரின் பெயரை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தை இறந்த நாளில் அவர் உயிரோடு இருந்த வாரிசு. அதேபோல் கணவரின் சான்றிதழில் மாமியாரின் பெயர் விடுபடக் கூடாது. குடும்பத்துக்குள் மனத்தாங்கல் இருந்தாலும், உண்மையான வாரிசு ஒருவரை மறைத்து வாங்கிய சான்றிதழ் பின்னாளில் ரத்தாகும். அதை வைத்துச் செய்த பத்திரங்களும் வழக்கில் சிக்கும்.

வங்கி விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை தெளிவாக்கியிருக்கிறது. உங்கள் கொழுந்தனார் அந்த வைப்புத் தொகையை வாங்கினாலும், வாரிசுகள் நால்வருக்கும் அதை ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். ஆனால் நடைமுறையில் ஒன்று உண்டு: நாமினிக்குப் பணம் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு முடிந்துவிடும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் நீங்கள் எழுதும் ஆட்சேபக் கடிதம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. எனவே கொழுந்தனாரிடம் முதலில் நேரில் பேசி, தொகையைப் பெற்று இன்னின்னாருக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுப்பார் என்று தோன்றினால், பணம் கைமாறுவதற்கு முன்பே உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோர வேண்டும். கைமாறிய பிறகு வழக்குப் போட்டு மீட்பது நெடுங்காலம் இழுக்கும்.

நாமினி இல்லாத கணக்குக்கு, ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரையும் பிற வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும் எளிய நடைமுறை உண்டு. வாரிசுச் சான்றிதழும் ஈட்டுறுதிப் பத்திரமும் (பின்னால் வங்கிக்கு இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக எழுதித் தருவது) மற்ற வாரிசுகளின் சம்மதமும் இருந்தால், நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று கேட்கப்படாது. அந்தச் சான்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் வழங்குவது. பெருந்தொகைக்கும், வாரிசுகளுக்குள் தகராறு உள்ள இடத்துக்கும்தான் அது தேவைப்படலாம். ஆவணங்கள் அனைத்தையும் கொடுத்த 15 நாட்களுக்குள் வங்கி கணக்கை முடித்துத் தர வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கணவரின் ஏடிஎம் அட்டையில் இனி பணம் எடுக்கவும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் எடுத்ததும் பிற்பாடு பங்காளிப் பேச்சாகிவிடும்.

அவருடைய வங்கிப் புத்தகத்தில் ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டுச் சந்தா. இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும், மாரடைப்பும் அதில் அடங்கும். 20 ரூபாய் பிடித்தம் விபத்துக் காப்பீட்டுக்கு உரியது. உங்களுக்கு அது பயன்படாது. வீட்டில் பத்திரம் எதுவும் இல்லாததால் இந்த 2 லட்சத்தைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.

சம்பா அறுவடை காத்திருக்காது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். பணம் கணக்கில்தான் வரும். இறந்தவரின் பெயரில் பதிந்தால் பணம் முடங்கிய கணக்கில் போய் நிற்கும். எனவே பட்டா மாறும் வரை காத்திராமல், இந்தப் போகத்தைச் சாகுபடி செய்வது நீங்கள்தான் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலும் சான்றும் கேட்டு, உங்கள் பெயரிலேயே பதிவுசெய்யுங்கள். பிறகு வாரிசு அடிப்படையில் கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்யலாம். கோயில் அல்லது ஆதீன நிலம் ஏதேனும் குத்தகையில் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம். தம் உழைப்பால் சாகுபடியைத் தொடரும் வாரிசுக்குக் குத்தகை உரிமை தொடரும் என்று 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கடனைப் பொறுத்தவரை, வாரிசுகள் தமக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. உங்கள் தாய் வீட்டுச் சொத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் பயிர்க்கடனில் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை மாறும். சங்கத்தில் கடன் பத்திரத்தின் நகலைக் கேட்டுப் பாருங்கள். நகைகள் உங்கள் சீதனம். ஆனால் சங்கத்தின் கணக்கில் அவை கணவரின் அடகு. வாரிசுச் சான்றிதழோடு எழுத்து மூலம் தெரிவித்து, ஏல அறிவிப்பு வருமுன் வட்டியையாவது கட்டிவிடுங்கள்.

விடுதலைப் பத்திரத்துக்கு இப்போது என்ன அவசரம் என்பது எனக்குப் புரியவில்லை. சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எழுதிப் பார்க்காமல் மகளிடம் கையெழுத்து வாங்குவது அவருக்கு அநியாயம். மாமியாரிடம் வாங்குவதும் அப்படியே. மகனோ இன்னும் மைனர். அவருடைய பங்கை நீங்கள் தாயாக இருந்தாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ விட்டுக்கொடுக்கவோ இயலாது. மீறிச் செய்தால், வயது வந்தபின் அவர் அதைச் செல்லாததாக்கலாம். அனுமதிக்கு மனுப் போடுவதைவிட, அவருக்கு 18 வயது நிறையும் வரை கூட்டுப் பட்டாவிலேயே இருந்துவிடுவது எளிது. பிறகு அனைவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்துகொள்ளலாம். 2023 ஜூலை முதல், குடும்பத்தினருக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இது பங்குக்குப் பங்கு கணக்கிடப்படும் என்பதால், எத்தனை பாகமாகப் பிரிப்பது என்பதை எழுதுவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

இங்கே சொன்ன பங்குகள் இந்துக்களுக்கு உரியவை. கிறிஸ்தவக் குடும்பமாயின் பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மீதி பிள்ளைகளுக்கும். இறந்தவரின் தாய்க்குப் பங்கில்லை. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று.

வழக்கறிஞர் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது இறப்புச் சான்றிதழ், இரண்டு நிலங்களின் பத்திர நகல்கள், வங்கிப் புத்தகங்கள், சங்கத்தின் கடன் ரசீதுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கொழுந்தனார் வசமாகக்கூடிய வைப்புத் தொகையைப் பற்றியே முதலில் கேளுங்கள், ஏனெனில் தாமதத்தால் முதலில் கைநழுவக்கூடியது அதுதான்.