சால்டரிங் அயர்ன் வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் எந்த அயர்ன் வாங்கலாம் என்று கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் கேட்பவர்களே அதிகம். என்னைக் கேட்டால் பெயரைவிட பிட் (ஈயத்தை உருக்கும் முனை) முக்கியம்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி: அண்ணா, இதுதான் என் முதல் அயர்ன். அர்டுயினோ, சின்னச் சின்ன கிட் செய்யத்தான். ஐந்நூறு ரூபாய்க்குள் எதுங்க வாங்கலாம்?

சோல்ட்ரான் 25 வாட் போதும் தங்கச்சி. இந்தியத் தயாரிப்பு. பிட், ஹீட்டர் எல்லாம் தனியாகக் கிடைக்கும், அதனால் கெட்டால் தூக்கிப்போட வேண்டியதில்லை. மீதிப் பணத்தில் நல்ல ஈயம் வாங்கு: 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37 சதவீதம்), உள்ளே ரோசின் (ஈயம் பிடிக்க உதவும் பிசின் ஃபிளக்ஸ்) உள்ளது, 0.8 மி.மீ. தடிமன். அது 183 டிகிரியில் சட்டென்று உருகி சட்டென்று உறையும்; புதிதாகப் பழகும் கைக்கு அதுதான் சுலபம். ஊசி மாதிரி கூர்மையான பிட் வேண்டாம், உளி வடிவப் பிட் கேள். கூர்முனை தொடும் இடம் சிறியது, சூடு இறங்காது.

பல்லடம், விசைத்தறி வைத்திருப்பவர்: எங்கள் பக்கம் சாயங்காலம் ஆனால் 25 வாட் அயர்ன் ஈயத்தை உருக்கவே திணறுதுங்க. காலையில் நன்றாக இருக்கிறது. அயர்ன் டூப்ளிகேட்டா?

அயர்னைக் குறை சொல்லும் முன் மல்டிமீட்டரை பிளக் பாயிண்டில் வைத்துப் பாருங்கள். தறியும் தோட்டத்து மோட்டாரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். நேராகக் கரண்டில் ஓடும் அயர்னின் சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் உங்கள் 25 வாட் அயர்ன் ஏறக்குறைய 15 வாட்தான் தரும். 35 வாட் வாங்கினால் அதே 180-இல் 21 வாட் கிடைக்கும், ஆனால் காலையில் முழு வோல்டேஜ் வரும்போது போர்டின் செம்புப் பட்டை கழன்று வரும் அளவுக்குச் சுடலாம்.

ஆகவே உங்களுக்கு வெப்பக் கட்டுப்பாடு உள்ளது வேண்டும். கொஞ்சம் பணம் போட முடிந்தால் 936 வகை ஸ்டேஷன், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியோடு வரும் அயர்ன். ஹாக்கோ கம்பெனியின் அந்த மாடலைப் பார்த்துப் பல கம்பெனிகள் செய்கின்றன, அதற்கான 900எம் பிட் எங்கும் கிடைக்கும். பைன்சில் போன்ற யுஎஸ்பி-சி அயர்னும் நல்லது. 20 வோல்ட் தரும் 65 வாட் லேப்டாப் சார்ஜரில் ஓடும்; அந்த சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குவதால் உங்கள் ஊர் ஏற்ற இறக்கம் பிட்டுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. கைப்பிடியில் குமிழ் வைத்து 200–450 என்று அச்சடித்த மலிவு 60 வாட் அயர்ன்கள் பலவற்றில் வெப்பத்தை அளக்கும் சென்சாரே இல்லை. ஃபேன் ரெகுலேட்டர் வேலையைத்தான் அந்தக் குமிழ் செய்கிறது.

கரூர்: பித்தளைப் பானையில் ஓட்டை. இதே ஈயத்தால் அடைக்கலாமா?

கூடவே கூடாது. இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காரீயம் இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு. பாத்திரக்காரரிடம் கொடுங்கள்.

சத்தியமங்கலம்: எத்தனை வாட் வாங்கலாம்?

பல்லடத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பூர்: பிட் கறுத்துப்போய் ஈயம் ஒட்டவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். அரமும் வேண்டாம். ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, சூட்டோடு ரோசினில் தொட்டு ஈயம் ஏற்றுங்கள்.

கோபி, ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்: தம்பி, அரம் போடாமல் நான் ஒரு பிட்டும் வைத்திருந்ததில்லை. மர்பி ரேடியோ காலத்திலிருந்து அரம்தான். சும்மா பயமுறுத்தாதீங்க.

நாமக்கல்: ஐயா சொல்வதுதான் சரி. எங்கள் அப்பாவும் அரம்தான் போடுவார்.

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. நீங்கள் கையாண்டது வெறும் செம்புப் பிட். உருகிய வெள்ளீயத்தில் செம்பு கரையும். அதனால்தான் முனையில் குழி விழும், அரம் போட்டு வடிவம் கொடுத்து மறுபடி ஈயம் பூசுவீர்கள். அந்தக் கரைதலைக் குறைக்கவே சுமார் 1.5 சதவீதம் செம்பு கலந்த ஈயமும் விற்றார்கள்.

இப்போது வரும் பிட் பெரும்பாலும் செம்பின் மேல் இரும்பு முலாம். இரும்பு மிக மெதுவாகத்தான் கரையும். ஆனால் அந்த முலாம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஒரு இடத்தில் அரம் கிழித்தால் ஈயம் உள்ளே புகுந்து செம்பைத் தின்னும், வெளியே ஓடு மட்டும் மிஞ்சும். எந்தப் பிட் என்று தெரிய ஒரு காந்தம் போதும். ஆறிய முனையில் ஒட்டினால் இரும்பு, தொடாதீர்கள். ஒட்டாவிட்டால் செம்பு, தாராளமாக அரம் போடுங்கள்.

கோபி: சரி, காந்தம் ஒட்டுது. ஆனால் இந்த முலாம் பிட் இரண்டு மாதம்கூட வரவில்லையே?

ஈயம் இல்லாமல் சூட்டில் விட்டிருப்பீர்கள் ஐயா. துடைத்துப் பளபளப்பாக ஸ்டாண்டில் வைத்தால் காற்றுப் பட்டு முனை ஆக்சைடு ஆகிவிடும். துடைப்பது வேலைக்குச் சற்று முன்; நிறுத்தும்போது ஒரு சொட்டு ஈயம் முனையில் இருக்கட்டும்.

ஈரோடு: ஃபேன் காயில் கம்பியில் ஈயம் உருண்டு ஓடுகிறது, பிடிக்கவே இல்லை.

எனாமலைச் சுரண்டிப் பாருங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் அலுமினியக் கம்பி. சாதாரண ஈயம் பிடிக்காது.

தாராபுரம்: போர்வெல் ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது...

லைன்மேனையோ எலக்ட்ரீஷியனையோ கேளுங்கள். மூன்று ஃபேஸ் வேலை என்னுடையதல்ல.

கோவை: காந்திபுரத்தில் கடையிலேயே சோதித்து வாங்க முடியுமா?

முடியும், மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். சாதாரண 25 வாட் அயர்னின் பிளக்கில் ஏறக்குறைய 2,100 ஓம் காட்ட வேண்டும். மூன்று பின் என்றால் எர்த் பின்னுக்கும் பிட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு பின்னில் எர்த்தே இல்லை. மின்கசிவில் எளிதில் கெடும் மாஸ்ஃபெட், ஐசி போன்ற பாகங்களின் வேலைக்கு அதை எடுக்காதீர்கள். காந்தத்தையும் மறக்காதீர்கள்.

சேலம்: கடையில் ஆசிட் ஃபிளக்ஸ் கொடுத்தார், ஈயம் நன்றாகப் பிடிக்கிறது. போர்டுக்குப் போடலாமா?

தகரத்துக்குப் போடுங்கள். போர்டில் மிச்சமிருந்து செம்பை அரித்துவிடும். ரோசின் மட்டும்.

அவிநாசி: எந்தக் கம்பெனி, எத்தனை வாட் நல்லதுங்க?

மேலே பொள்ளாச்சி, பல்லடம் இரண்டையும் படியுங்கள். வாங்கியபின் முனையில் ஈயம் வைத்து அணையுங்கள்.