அண்டை நாடுகள் எல்லையைத் திறந்து வியாபாரம் செய்தால் சாதாரண ஆட்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் சார்க் நாடுகளை, அதாவது இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் போன்ற தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். "ஒப்பந்தம் போடுகிறார்கள், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அப்புறம் ஒன்றும் நடப்பதில்லை. ஏழை நாடுகள் தங்களுக்குள் வரியில்லாமல் வியாபாரம் செய்வது எங்காவது நடந்திருக்கிறதா? நடந்த இடத்தில் யாருக்கு லாபம்?" என்பது கேள்வி.

நடந்திருக்கிறது. நடக்கிற இடத்தில் பதினோரு வருடம் இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

2011 முதல் 2022 வரை உகாண்டாவின் கம்பாலாவில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு வேலை. கணக்கு என்று பெயர்தானே தவிர, பாதி நாள் சரக்கு எங்கே நிற்கிறது என்று போனில் துரத்துவதுதான் வேலை. உகாண்டாவுக்குக் கடல் இல்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் டயர், டைல்ஸ், மருந்து என்று பெரும்பாலானவை கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர் லாரியில் வர வேண்டும். வழியில் ஒரு நாட்டின் எல்லை. அதைத் தாண்டும் ஊர் புசியா, இல்லையென்றால் அதற்கு வடக்கே மலாபா.

நான் போன புதிதில் புசியாவில் பார்த்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை லாரிகள். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் கரி அடுப்பு வைத்து உகாலி என்ற மக்காச்சோளக் களி கிண்டிக்கொண்டிருப்பார்கள், டயருக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்குவார்கள். முதலில் கென்யப் பக்கம் "வெளியே போகிறது" என்று ஒரு முத்திரை. பிறகு நடுவில் உள்ள பொது நிலத்தைத் தாண்டி, உகாண்டா பக்கம் "உள்ளே வருகிறது" என்று அதே காகிதங்களை மறுபடி நீட்ட வேண்டும். அதே கன்டெய்னர், அதே சீல், அதே எடை. ஒரு எழுத்து மாறியிருந்தால் மொம்பாசாவுக்கு போன். சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் "நாளைக்கு" என்பார். அந்த நாளைக்கு சில சமயம் நான்கு நாள் ஆகும். லாரிக்கு நாள் வாடகை, கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் கப்பல் கம்பெனிக்குத் தினப்படி அபராதம், வழி நெடுக உத்தரவாதப் பத்திரத்தில் முடங்கிக் கிடக்கும் பணம். இவ்வளவும் கடைசியில் கம்பாலாவில் ஒரு டயர் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

கவனியுங்கள், அப்போதே இந்த இரண்டு நாட்டுக்கும் இடையே வரி கிடையாது. இந்த நாடுகள் சேர்ந்த கூட்டமைப்புக்குக் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் என்று பெயர். தங்களுக்குள் வரியில்லை, வெளிச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி என்ற அதன் சுங்க ஒன்றியம் 2005-இல் வந்துவிட்டது. 2010-இல் சரக்கோடு ஆட்களும் முதலீடும் எல்லை தாண்டலாம் என்ற பொதுச் சந்தையும் வந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. லாரி மட்டும் நகரவில்லை.

இந்தச் சமூகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1967-இல் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து முதல் முறை தொடங்கின. ஒரே ரயில்வே, ஒரே விமான நிறுவனம், ஒரே துறைமுக நிர்வாகம். ஐரோப்பியர்களுக்கே அப்போது இந்த அளவு கிடையாது. 1977-இல் அது உடைந்தது. உகாண்டா அதிபர் இடி அமீனும் தான்சானியா அதிபர் நைரேரேயும் ஒரே மேஜையில் உட்காராதது ஒரு காரணம். ஆழமான காரணம் வேறு: தொழிற்சாலைகள் எல்லாம் நைரோபி பக்கம் குவிந்தன, மற்ற இரண்டும் கென்யாவின் கடைத்தெருவாக மாறிவிட்டதாக நினைத்தன. உடைந்த பிறகு தான்சானியா கென்ய எல்லையையே மூடிவிட்டது. திறக்க 1983 ஆனது.

1999-இல் மறுபடி ஒப்பந்தம் போட்டபோது அந்தக் காயத்தை மறக்கவில்லை. சுங்க ஒன்றியம் தொடங்கியபோது உகாண்டா, தான்சானியா சரக்கு கென்யாவுக்குள் உடனே வரியில்லாமல் போனது. கென்யாவின் சில சரக்குகளுக்கு மட்டும் மற்ற இருவரும் ஐந்து வருடம் வரி போட்டுக்கொள்ளலாம், வருடா வருடம் குறைத்து 2010-இல் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. பெரியவன் முதலில் கதவைத் திறக்க வேண்டும், சின்னவனுக்கு மூச்சு விட நேரம் வேண்டும். என் கருத்தில் அந்த ஒப்பந்தத்தின் மிக நியாயமான பத்தி அதுதான். தெற்காசியாவில் இந்தியா இருக்கும் அளவைப் பார்த்தால், நாம் முதலில் படிக்க வேண்டியதும் அதுதான்.

சரி, லாரி எப்போது நகர்ந்தது? இரண்டு மாற்றங்கள். 2014 வாக்கில் உகாண்டா வரி அதிகாரிகள் மொம்பாசாவிலேயே வந்து உட்கார்ந்தார்கள். சரக்கு கப்பலிலிருந்து இறங்கியதும் உகாண்டா வரியை அங்கேயே கணக்கிட்டுக் கட்டிவிடலாம். எல்லைக்கு வரும்போது கேட்க வேண்டியது பெரிதாக எதுவும் இல்லை. இரண்டாவது, ஒரே இடத்தில் நின்றால் போதும் என்ற எல்லைச் சாவடி. உகாண்டாவுக்குப் போகிற வண்டி கென்யப் பக்கம் நிற்காமலே போய், உகாண்டா பக்கக் கட்டடத்தில் நிற்கும். அங்கே ஒரே கூரைக்கு அடியில் முதல் கவுன்டரில் கென்ய அதிகாரி, அடுத்த கவுன்டரில் உகாண்டா அதிகாரி. கென்யாவுக்குப் போகிற வண்டிக்கு இதே ஏற்பாடு அந்தப் பக்கம். புசியாவில் 2018 பிப்ரவரியில் அப்போதைய கென்ய அதிபர் கென்யாட்டாவும் உகாண்டா அதிபர் முசெவேனியும் வந்து முறைப்படி திறந்துவைத்தார்கள். எங்கள் வண்டிகள் மூன்று நாள் நின்ற இடத்தில் சில மணி நேரத்தில் தாண்டின. என் கணக்குப் புத்தகத்தில் "எல்லைத் தாமதம்" என்று தனியாக ஒரு தலைப்பு வைத்திருந்தேன். அந்த வருடம் அதில் பல மாதங்கள் காலியாகக் கிடந்தன. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அதனால் நஷ்டப்பட்டவர்களும் இருந்தார்கள். லாரி நின்றால்தானே டிரைவர் சாப்பிடுவார், லாட்ஜில் படுப்பார், பணம் மாற்றுவார். அந்த வரிசையை நம்பிப் பிழைத்த கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. திட்டம் போட்டவர்கள் அவர்களைப் பற்றி முன்கூட்டி யோசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்ட "சாதாரண ஆள்" விஷயத்துக்கு வருகிறேன். புசியாவில் லாரியை விட மூட்டைதான் அதிகம். தலையில், சைக்கிளில், தோளில். அதைச் சுமக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உகாண்டாவிலிருந்து பீன்ஸ் பருப்பு, மக்காச்சோளம், ஏரியில் பிடித்த காய்ந்த சின்ன மீன் அந்தப் பக்கம் போகும். சோப்பு, பிளாஸ்டிக் சாமான், சமையல் கொழுப்பு இந்தப் பக்கம் வரும். அந்த நாடுகளில் எங்கும் ஓடும் மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு "போடா போடா" என்று பெயர். அந்தப் பெயரே இந்த எல்லையில், இரண்டு சாவடிக்கும் இடையே சைக்கிளில் ஆள் ஏற்றிக்கொண்டு "பார்டர், பார்டர்" என்று கூவியதிலிருந்து வந்தது என்பார்கள்.

லாரிக்காகக் காத்துக் கிடந்த ஒரு நாள், பக்கத்தில் பீன்ஸ் மூட்டை வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அங்கே வயதில் மூத்த பெண்களை எல்லோரும் "மாமா" என்பார்கள். சுவாஹிலியில் அம்மா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இரண்டு மூட்டை. ஒன்றைத் தைத்த வாயைப் பிரித்து, கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பீன்ஸ், மழைக்குத் தப்பிக் காய்ந்தது, நல்ல பளபளப்பு.

"மாமா, 2,000 டாலருக்குள் இருந்தால் உங்களுக்கு எளிய படிவம் இருக்கிறதே, ஏஜென்ட் கூட வேண்டாமே" என்றேன். இது உண்மை. அந்தச் சமூகத்தில் விளைந்த, செய்த பொருளாக இருந்து, 2,000 டாலர் மதிப்புக்குள் இருந்து, இந்தச் சலுகைக்கான பொருள்களின் பட்டியலிலும் இருந்தால், எல்லையிலேயே அதிகாரி ஒரு எளிய சான்று கொடுப்பார். வரி இல்லை. பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில்.

அவர் சொன்ன பதில்: "வரி இல்லை என்கிறார்கள், மகனே. பேப்பர் இருக்கிறது."

பீன்ஸ் விளைபொருள். அதற்குப் பயிர் நோய் இல்லை என்று வேளாண்மைத் துறையின் சான்று வேறு வேண்டும். அதைக் கொடுக்கும் அதிகாரி அன்றைக்கு இல்லை. வரும்வரை மூட்டை வெயிலில். சந்தை மதியத்துக்குள் முடிந்துவிடும். இதை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவருக்கு மலிவான வழி ஒன்றுதான். ஊரைச் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதை. அங்கே அதற்கு "பான்யா" என்று பெயர். பான்யா என்றால் எலி. எலிப் பாதையில் போனால் வழியில் நிற்கும் ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதையில் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டால் யாரிடமும் புகார் செய்ய முடியாது. பெண்களிடம் பணத்தை மட்டுமே கேட்பார்கள் என்றும் சொல்ல முடியாது. சட்டப்படி வரியே கட்ட வேண்டாத ஒரு பொருளை ஒரு தாய் திருட்டுத்தனமாகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பிற்பாடு புசியாவில் சின்ன வியாபாரிகளுக்குத் தகவல் சொல்ல ஒரு மேசை போட்டார்கள், அவர்கள் பாஷையில் பேசும் ஆளோடு. பெண்கள் சங்கம் வைத்துக்கொண்டார்கள். எது பட்டியலில் இருக்கிறது, எந்தக் கட்டணம் உண்மையானது, எது அதிகாரியின் பாக்கெட்டுக்கு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். செலவு சொற்பம். பெரிய கட்டடம் லாரிக்குச் செய்ததை இந்த மேசை அவர்களுக்குச் செய்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது மேலே இருப்பவர்களுக்கு மனஸ்தாபம் வந்தால் எல்லாம் நின்றுவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும். 2019 பிப்ரவரியில் ருவாண்டா தன் கதுனா எல்லையை உகாண்டாவுக்கு மூடியது. சாலை வேலை என்று தொடங்கியது, உளவு பார்த்தல், ஆட்களைப் பிடித்து வைத்தல் என்று ஒருவர் மேல் ஒருவர் குற்றச்சாட்டாகப் போனது. மறுபடி திறந்தது 2022 ஜனவரி 31. ஏறக்குறைய மூன்று வருடம்! இரண்டும் ஒரே பொதுச் சந்தையின் உறுப்பினர்கள். அந்தப் பக்கம் மாவும் சிமென்ட்டும் அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டாவது வருடம் கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். 2021 மார்ச்சில் கென்யா, மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறது என்று உகாண்டா, தான்சானியா சோளத்தை ஒரே நாளில் தடுத்தது. நச்சு நிஜமான பிரச்சினை, அதில் சந்தேகமில்லை. சில நாளில் நிபந்தனையோடு தடையை எடுத்தார்கள். அதற்குள் வழியில் நின்ற லாரிகளுக்கு யார் பொறுப்பு? தான்சானியாவின் அருஷாவில் சமூகத்துக்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் இரண்டு மூட்டை வைத்திருப்பவர் அருஷாவுக்கு எப்படிப் போவார்?

இன்னொன்று, வெளியே அதிகம் தெரியாதது. சுங்க ஒன்றியம் என்றால் வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா உறுப்பு நாடும் ஒரே வரி போட வேண்டும். மூலப்பொருளுக்கு 0, அரைகுறையாகச் செய்ததற்கு 10, முழுப் பொருளுக்கு 25 சதவீதம் என்று வைத்தார்கள். 2022 ஜூலையில் 35 என்று நான்காவது படி சேர்த்தார்கள். ஆனால் "எனக்கு இந்த வருடம் மட்டும் இந்தப் பொருளுக்கு வேறு வரி" என்று ஒவ்வொரு நாடும் விலக்கு வாங்கிக்கொள்ளலாம். ஜூன் கடைசியில் சமூகத்தின் அரசிதழ் வரும். அந்த விலக்குப் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எங்கள் சரக்கு எதிலாவது மாட்டியிருக்கிறதா என்று தேடுவது என் வேலை. இரவு பத்து மணி ஆகிவிடும். நான் இருந்தபோது அரிசிக்குப் பொது வரி 75 சதவீதம். கென்யா விலக்கு வாங்கி 35 போட்டது. ஒரே சந்தை, இரண்டு விலை.

சார்க் பற்றி நேரடியாகக் கேட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தெற்காசிய வரியில்லா வர்த்தக ஒப்பந்தம் 2006-இல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் இந்த நாடுகளின் மொத்த வர்த்தகத்தில் தங்களுக்குள் நடப்பது 5 சதவீதத்தை ஒட்டித்தான். நமக்கு முடியாது என்று நான் நினைக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒருமுறை உடைந்து, இருபத்திரண்டு வருடம் கழித்து ஒட்டவைத்தார்கள். நம்மைவிடப் பணக்காரர்கள் இல்லை அவர்கள்.

2022-இல் ஊருக்குக் கிளம்பும் முன் கடைசியாகப் புசியா போனபோது அந்த அம்மாவைத் தேடிப் பார்த்தேன். இருந்தார். பீன்ஸை எலிப் பாதையில் இல்லாமல் எல்லைச் சாவடி வாசல் வழியாகவே கொண்டுபோயிருந்தார். சான்றை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். ரொம்பப் பெருமை. வருகிற வழியில் கென்யப் பக்கக் கடையில் அரை மூட்டை அரிசி வாங்கியிருந்தார். நம்மூர்ப் பொன்னி மாதிரி இல்லை, நீளமான பாகிஸ்தான் அரிசி. அதற்கு எளிய படிவம் செல்லாது. வாசலில் காட்டினால் வரி வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

நடக்க முடியாதவர்கள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிகள் புசியாவில் நிறைய உண்டு. அதிகாரிகள் அவர்களை அவ்வளவாக நிறுத்துவதில்லை என்பதால் சாமான் கடத்துவதே பலருக்குப் பிழைப்பு. அந்த அம்மா ஒருவரைக் கை தட்டிக் கூப்பிட்டு, அரிசியை அவர் இருக்கைக்குப் பின்னால் வைத்து, மேலே தன் துணியைப் போட்டு மூடினார். பிறகு பீன்ஸ் விற்ற வெறும் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் வழியாக நடந்து போனார்.